லாரி எங்கே காலியாகிறது?



செப்டிக் டேங்க் லாரியைத் தெரியாதவர் தருமபுரி மாவட்டத்தில் இருக்க முடியாது. சுவரில் எழுதிய கைபேசி எண்ணைப் பார்த்து வீட்டுக்காரர் கூப்பிடுகிறார். வண்டி வருகிறது, குழாயை இறக்குகிறார்கள், மோட்டார் ஓடுகிறது, அரை மணி நேரத்தில் தொட்டி காலி. பேசிய பணத்தைக் கொடுத்ததும் வீட்டுக்காரருக்குப் பல ஆண்டுக் கவலை தீர்ந்துவிடுகிறது. லாரிக்காரரின் வேலையில் அதற்குள் பாதிதான் முடிந்திருக்கிறது. மூவாயிரமோ ஐயாயிரமோ லிட்டர் மலக்கசடு அவர் வண்டியில் இருக்கிறது. அதை எங்கே இறக்குவது என்று அவரிடம் கேட்டவரும் இல்லை, அவருக்குச் சொன்னவரும் இல்லை.

ஏரிக்கரை, காட்டோரம், மழைநீர்க் கால்வாய், யாரும் பார்க்காத நேரத்தில் சாக்கடை மூடி என்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் பல ஆண்டுகளாக நடந்தது இதுதான். சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையில் கணினி நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் பாதாள சாக்கடைக்கு முன்பே எழுந்துவிட்டன. அங்கிருந்து கிளம்பிய லாரிகள் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தையும் பக்கிங்காம் கால்வாயையும் குப்பைத்தொட்டியாக்கிய கதை ஊரறிந்தது. தருமபுரிக்கு அந்த அளவு நெருக்கடி இல்லை. ஆனால் தருமபுரியின் நிலமும் நீரும் சென்னையைவிட எளிதில் கெடக்கூடியவை.

இந்த மாவட்டம் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. நிலத்தடி நீர் மணற்படுகையில் தேங்கி வடிகட்டப்படுவதில்லை. பாறை வெடிப்புகளில் ஓடுகிறது. அந்தப் பாறையே ஃபுளூரைடைக் கரைத்துக் கொடுத்து, தலைமுறை தலைமுறையாகப் பற்களைப் பழுப்பாக்கி எலும்புகளை வளைத்தது. அதற்காகத்தான் ஜப்பானியக் கடனுதவியோடு, 1,928 கோடி ரூபாய்க்கும் மேலான மதிப்பீட்டில், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளூரோசிஸ் தணிப்புத் திட்டம் வந்தது. 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013இல் பயன்பாட்டுக்கு வந்து, காவிரி நீர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் குழாய்களில் ஏறியது. பெரிய சாதனை அது, சந்தேகமில்லை. அதன் மறுபக்கத்தைத்தான் யாரும் திட்ட அறிக்கையோடு சேர்த்துப் படிப்பதில்லை. வீட்டுக்கு வரும் நீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர்கள் எல்லாரும் வைக்கும் கணக்கு. குடிக்க நல்ல நீர் வந்த அதே நாளில் கழிவுநீரும் கூடியது. கழிப்பறைகளும் கூடின. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்குக் கழிப்பறை இல்லை. தூய்மை இந்தியா இயக்கம் வந்த பிறகு நிலைமை தலைகீழானது. கட்டப்பட்ட ஒவ்வொரு கழிப்பறைக்கும் கீழே ஒரு குழி. ஒவ்வொரு குழியும் என்றாவது நிரம்பியாக வேண்டும்.

அந்தக் குழிகளில் பலவற்றைச் செப்டிக் டேங்க் என்று சொல்வது மரியாதைக்குத்தான். இந்தியத் தர நிர்ணயப்படி செப்டிக் டேங்க் என்றால் நீர் கசியாத, அறை பிரித்த தொட்டி. அதிலிருந்து வடியும் நீருக்குத் தனியாக உறிஞ்சுகுழி. நடைமுறையில் சிமெண்ட் உறைகளை அடுக்கி அடியைத் திறந்து விட்டதும் செப்டிக் டேங்க்தான், வீட்டைச் சுற்றி எங்கே இடம் இருக்கிறதோ அங்கே தோண்டியதும் செப்டிக் டேங்க்தான். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடை எடுக்க வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். பத்து, பதினைந்து ஆண்டுகள் மூடியே திறக்காமல் விட்டு, நிரம்பி வழியும் நாளில் லாரிக்கு ஆள் தேடுவதுதான் வழக்கம். அவ்வளவு நாள் கிடந்து இறுகிய கசடு லாரியில் ஏறும்போது சாதாரணச் சாக்கடை நீராக இருப்பதில்லை.

இங்கேதான் லாரியும் பாதாள சாக்கடையும் சந்திக்கின்றன. தருமபுரி நகராட்சிக்குப் பாதாள சாக்கடை உண்டு, சுத்திகரிப்பு நிலையமும் உண்டு. பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம், பாப்பிரெட்டிப்பட்டி போன்ற சிற்றூர்களில் வீட்டுக்கு வீடு குழிதான். இந்த ஊர்களின் லாரிகள் நகராட்சியின் சாக்கடைக்குள் கசடை ஊற்றலாமா என்றால், ஊற்றலாம் என்பதே பதில். 2014 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட செப்டேஜ், அதாவது செப்டிக் டேங்க் கசடு, மேலாண்மை வழிகாட்டு நெறிமுறைகள், சுத்திகரிப்பு நிலையம் இருக்கும் ஊரை மையமாக வைத்து அக்கம்பக்கத்து உள்ளாட்சிகளை ஒரு தொகுப்பாக்கி, லாரிகள் அங்கே வந்து இறக்க வேண்டும் என்றன. நாட்டிலேயே முன்னோடியான ஆவணம் அது. தேசிய அளவில் இதற்கான கொள்கை 2017இல்தான் வந்தது. லாரி ஊற்றலாம் என்பது முடிவான விஷயம். எங்கே, எப்போது, எவ்வளவு, எதை என்பவைதான் நிர்வாகம்.

எவ்வளவு என்பதிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாதது அதுதான். கழிவுநீரின் கனத்தை அளக்கப் பொறியாளர்கள் பி.ஓ.டி. என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள்: அந்த நீரிலுள்ள அழுக்கைத் தின்று முடிக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற கணக்கு. வீட்டுச் சாக்கடை நீரில் அது லிட்டருக்கு இருநூறு முந்நூறு மில்லிகிராம் அளவில் இருக்கும். செப்டிக் டேங்க் கசடுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1994இல் தந்த சராசரி 6,480 மில்லிகிராம். இதைத் தருமபுரிக்குப் பொருத்திப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை 68,619. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் நீர், அதில் 80 விழுக்காடு சாக்கடைக்கு என்று கொண்டால், ஊர் முழுக்க இணைந்திருந்தாலும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 74 லட்சம் லிட்டர் கழிவுநீர். ஆளுக்கு 27 கிராம் என்ற மத்திய அரசுக் கையேட்டின் அளவுப்படி அதிலுள்ள பி.ஓ.டி. 1,850 கிலோ. இப்போது 5,000 லிட்டர் லாரிகள் பத்து வருகின்றன. நீரின் அளவில் அவை ஒரு விழுக்காடுகூட இல்லை. அழுக்கின் அளவிலோ 324 கிலோ, பதினேழு விழுக்காட்டுக்கும் மேல். ஒரு லாரி இறங்குவது 1,200 பேர் ஒரே நேரத்தில் ஊருக்குள் குடியேறியதற்குச் சமம்.

இது காகிதக் கணக்கு. உண்மையில் ஊரின் எல்லா வீடுகளும் சாக்கடையோடு இணைவதில்லை. இணைப்புக்குப் பணம் கட்டத் தயங்குவது எல்லா ஊர்களிலும் உள்ளது. நிலையத்துக்கு வரும் நீர் குறையக் குறைய, அதே பத்து லாரியின் விகிதம் கூடிக்கொண்டே போகும். அளவோடும் நேரம் பிரித்தும் வந்தால் சுத்திகரிப்பு நிலையம் தாங்கும். பாதிக் கொள்ளளவில் ஓடும் நிலையத்துக்குக் கொஞ்சம் கனமான தீனி நல்லதும்கூட. திங்கட்கிழமை காலை பத்து லாரியும் வரிசையாக ஊற்றினால் நுண்ணுயிர்கள் மூச்சுத் திணறும். வெளியே வரும் நீர் கருப்பாக வரும். பழி நிலையத்தின் மேல் விழும்.

அடுத்தது எங்கே என்பது. சாக்கடை மூடியைத் திறந்து ஊற்றுவதும் சாக்கடையில் ஊற்றுவதுதானே என்று லாரிக்காரர் ஒருவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். தெருவில் கிடப்பவை சிறு குழாய்கள். நீர் குறிப்பிட்ட வேகத்தில் ஓடினால்தான் அவை தம்மைத் தாமே கழுவிக்கொள்ளும். அதில் மணலும் துணியும் நாப்கினும் தலைமுடியும் கலந்த கெட்டிக் கசடு விழுந்தால் அடியில் படிந்து அடைத்துக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில் காற்றில்லாமல் புளித்த கசடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைச் சுமந்து வருகிறது. அது கான்கிரீட் குழாயின் மேற்கூரையில் அமிலமாக மாறி அரிக்கும். மனிதனை அதைவிட வேகமாக அரிக்கும். அழுகிய முட்டை நாற்றம் முதலில் தெரியும். வாயு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஆபத்து நீங்கிவிட்டது என்று உள்ளே இறங்கியவர் நினைக்கும் நேரத்தில்தான் அது கொல்கிறது.

அடைப்பு எடுக்க இறங்கி இறந்தவர்களின் அரசுக் கணக்கில், 1993க்குப் பிந்தைய ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால், தமிழ்நாடுதான் நாட்டில் முதலிடம். இந்த மாநிலம் வெட்கப்பட வேண்டிய முதலிடம் இது. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆபத்தான முறையில் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர வேண்டும் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 20 அன்று அதை முப்பது லட்சமாக்கியது. திருட்டுத்தனமாகத் தெரு மூடியில் ஊற்றப்படும் ஒவ்வொரு லோடும் அந்தத் தெருவில் ஓர் அடைப்பை நெருங்கச் செய்கிறது. ஒவ்வோர் அடைப்பும் ஒரு தொழிலாளியை அந்த மூடிக்கு அழைக்கிறது. சட்டம் மனிதரை இறக்காதே என்கிறது. இறக்க வேண்டிய தேவையே எழாமல் பார்த்துக்கொள்வது லாரியை ஒழுங்குபடுத்துவதில்தான் தொடங்குகிறது.

இதற்குத் திருச்சி ஒரு வழி காட்டியது. அங்கே தனியார் லாரிகள் மாநகராட்சியின் குறிப்பிட்ட கழிவுநீர் நீரேற்று நிலையங்களில் இறக்கப் பல ஆண்டுகளாக அனுமதி உண்டு. அங்கிருந்து பெரிய குழாய் வழியே, ஊரின் நீரோடு கலந்து நீர்த்து, பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. 2015க்குப் பிறகு தமிழ்நாடு நகர்ப்புறத் துப்புரவு ஆதரவுத் திட்டம் திருச்சியிலும், கோவையை ஒட்டிய பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் பேரூராட்சிகளிலும் இறங்கி வேலை செய்தது. லாரிக்காரர்களை எதிரியாகப் பார்க்காமல் அவர்களோடு உட்கார்ந்து பேசியது அந்த வேலையின் மதிப்பான பகுதி. நல்ல இறக்குமிடத்துக்குத் தேவையானவை எளியவை: லாரி சேற்றில் மாட்டாமல் வந்து திரும்ப இடம், குழாயைப் பூட்டி இறக்க ஒரு வாய், கல்லும் துணியும் நிற்க ஒரு கம்பி வலை, மணல் படிய ஒரு தொட்டி, கசடைத் தேக்கி வைத்து மெல்ல மெல்ல விட ஒரு தொட்டி, கை கழுவ நீர், இரவிலும் எரியும் விளக்கு.

எதை என்ற கேள்வி இவற்றைவிடக் கடினம். வீட்டுக் கசடும் ஹோட்டல் சமையலறை எண்ணெயும் ஆலைக்கழிவும் வெளியிலிருந்து பார்க்க ஒரே லாரிதான். லண்டனின் ஒயிட்சேப்பலில் 2017இல் சாக்கடைக்குள் இறுகிய 130 டன் கொழுப்புக் கட்டி 250 மீட்டர் நீளத்துக்குக் கிடந்தது. வாரக்கணக்கில் உடைத்து எடுத்தார்கள். கல்யாண மண்டபங்களும் நெடுஞ்சாலை உணவகங்களும் பெருகும் தருமபுரி போன்ற ஊருக்கு அது தூரத்துச் செய்தி இல்லை. ஆலைக்கழிவு இன்னும் கொடியது. குஜராத்தின் சூரத்தை அடுத்த சச்சின் தொழிற்பேட்டையில் 2022 ஜனவரி 6 அன்று விடியற்காலையில் ஒரு டேங்கர் ரசாயனக் கழிவைக் கால்வாயில் திறந்துவிட, கிளம்பிய நச்சுவாயு பக்கத்துச் சாயப்பட்டறைத் தொழிலாளர்கள் ஆறு பேரைக் கொன்றது. தருமபுரியில் ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன. மரவள்ளிக் கழிவுநீர் புளித்து அமிலமாகும். சிப்காட் தொழிற்பேட்டை நிறையும்போது டேங்கர்களும் பெருகும். அமிலமோ ரசாயனமோ ஒரு லோடு கலந்தாலும் சுத்திகரிப்பு நிலையத்தின் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். மறுபடி வளர வாரங்கள் ஆகும்.

இதைத் தடுக்க ஆய்வுக்கூடம் கட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. இறக்குமிடத்தின் வாசலில் ஒருவர், ஒரு கண்ணாடிக் குடுவை, அமிலத்தன்மை காட்டும் தாள். நிறம் என்ன, எண்ணெய் மிதக்கிறதா, நாற்றம் ரசாயனமா, தாள் என்ன காட்டுகிறது. சந்தேகம் வந்தால் மாதிரி எடுத்து முத்திரை வைத்துவிட்டு லோடைத் திருப்பலாம். கூடவே ஒரு சீட்டு: எந்த வீடு, எந்தத் தேதி, எவ்வளவு, யார் வண்டி, வீட்டுக்காரர், ஓட்டுநர், நிலையம் மூவரின் கையெழுத்தோடு. 2014 நெறிமுறைகளிலேயே இப்படியொரு பதிவுக்கு இடம் இருக்கிறது. வீட்டுக் கழிவுக்கும் வணிகக் கழிவுக்கும் தனித்தனிச் சீட்டு வைத்தால் போதும், ஆலைக்கழிவு வீட்டுக் கசடு வேடத்தில் நுழைவது பாதி குறைந்துவிடும்.

தண்டனையும் இப்போது இருக்கிறது. 2022இல் சட்டங்களைத் திருத்தி, உரிமம் இல்லாமல் இந்த லாரிகள் ஓடக்கூடாது என்று அரசு சொன்னது. சென்னையில் கண்ட இடத்தில் கொட்டினால் முதல் முறை 25,000 ரூபாய், மறுமுறை 50,000. தேவைதான். ஆனால் அபராதத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த மாவட்டத்தை நிர்வகித்துவிடலாம் என்று நம்புவது தவறு. அரூரிலிருந்து தருமபுரி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். போய்வர 80. லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் என்று வைத்தால் ஒரு லோடு இறக்க 20 லிட்டர் டீசல், அதோடு அரை நாள். வாசலில் இறக்கக் கட்டணம் வேறு. வழியில் இருட்டும் கால்வாயும் இலவசம். லாரிக்காரர் பெரும்பாலும் ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர், தவணை கட்டுகிறவர். சட்டப்படி நடப்பவரே போட்டியில் தோற்கும்படி அமைத்துவிட்டு, அவரைக் காவலரை வைத்துத் திருத்த முடியாது.

பணம் ஓடும் திசையைத் திருப்புவதுதான் வழி. மகாராஷ்டிரத்தின் வாய், சின்னார் என்ற சிறு நகரங்கள் 2018, 2019இல் இதைச் செய்து பார்த்தன. தொட்டி நிரம்பி வழியும்வரை காத்திராமல், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்ற முறைப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் லாரி போகிறது. வீட்டுக்காரர் தனியாக லாரிக்குப் பணம் தருவதில்லை. வரியோடு கொஞ்சமாகக் கட்டிவிடுகிறார். ஒப்பந்ததாரருக்கு நகராட்சி பணம் தருகிறது, வேலை நடந்ததற்கான சான்றைப் பார்த்து. சரியான இடத்தில் இறக்கினால்தான் காசு என்றால், ஒரு லோடைக் கால்வாயில் விடுவது ஓட்டுநரின் சொந்த நட்டமாகிவிடுகிறது. தருமபுரி நகராட்சி இதை முழுதாக எடுத்துக்கொள்ள நாள் ஆகும். முதல் படியாக வாசல் கட்டணத்தை நீக்கலாம். அடுத்த படியாக, சீட்டோடு வரும் ஒவ்வொரு வீட்டு லோடுக்கும் நிலையமே ஒரு சிறு தொகை தரலாம். வணிக லோடுக்கு மட்டும் கட்டணம், கழிவின் கனத்தைப் பொறுத்து.

தூரத்துக்கும் பதில் உண்டு. தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிப் பேரூராட்சியில் 2017இல் வந்தது. கருங்குழிக்கும் மதுராந்தகத்துக்கும் சேர்த்து. கர்நாடகத்தின் தேவனஹள்ளியில் 2015 முதல், நாளுக்கு 6,000 லிட்டர் கொள்ளும் சிறு நிலையம் ஓடுகிறது. அதில் கசடு வெயிலில் உலர்கிறது, பிறகு ஊர்க்குப்பையோடு சேர்ந்து எருவாகிறது. உலர்த்துவதற்கு வேண்டியது நிலமும் வெயிலும். வெயிலுக்கு இந்த மாவட்டத்தில் குறைவில்லை. கிழக்கே அரூர் பக்கம் ஒன்று, மேற்கே பென்னாகரம் பக்கம் ஒன்று அமைந்தால், எந்த லாரியும் தருமபுரி வரை டீசல் எரிக்க வேண்டியதில்லை. நகரின் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் சுமை குறையும். இன்றைக்கு வயலில் பச்சைக் கசடை இறக்கிக்கொள்ளும் விவசாயிக்குக் குடற்புழு முட்டை இல்லாத உலர்ந்த எரு கிடைக்கும். அவர் கேட்பது உரம். நோயை அவர் கேட்கவில்லை.

நிர்வாக எல்லைதான் இதில் சிக்கலான முடிச்சு. சுத்திகரிப்பு நிலையம் நகராட்சியுடையது. குழிகள் பேரூராட்சிகளிலும் ஊராட்சிகளிலும் இருக்கின்றன. ஆலையின் கழிவைக் கேட்க வேண்டியது மாசு கட்டுப்பாட்டு வாரியம், வண்டியைக் கேட்க வேண்டியது போக்குவரத்துத் துறை. லாரி இத்தனை எல்லைகளையும் ஒரே பகலில் கடந்துவிடுகிறது, கோப்பு கடப்பதில்லை. எனவே உரிமப் பதிவேடு மாவட்டத்துக்கு ஒன்றாக, ஆட்சியர் அலுவலகத்தின் கீழ் இருப்பது நல்லது. அதில் எத்தனை லாரி, ஒவ்வொன்றும் எத்தனை லிட்டர், மாதம் எத்தனை லோடு வாசலுக்கு வந்தது என்ற மூன்று விவரம் இருந்தாலே பல கேள்விகளுக்கு விடை கிடைக்கும். மாதம் நாற்பது வீட்டில் எடுக்கும் வண்டி பத்து லோடு மட்டும் இறக்கியிருந்தால், மீதி முப்பது எங்கே போனது என்று கேட்க ஓர் ஆதாரம் இருக்கும்.

இதில் ஓட்டுநரையும் உதவியாளரையும் மறந்துவிடக் கூடாது. கையுறை, பூட்ஸ், தடுப்பூசி, குழாய் அடைத்தால் தொட்டிக்குள் இறங்க மறுக்கும் உரிமை ஆகியவை உரிம நிபந்தனையிலேயே எழுதப்பட வேண்டும். இறக்குமிடத்தின் நேரமும் அவர்களைக் கேட்டே முடிவாக வேண்டும். மாலை ஐந்து மணிக்கு வாசல் பூட்டப்பட்டால், ஐந்தரைக்கு ஒரு வீட்டுத் தொட்டியை எடுத்து முடித்தவர் அந்த லோடோடு இரவெல்லாம் நிற்க மாட்டார். முதல் ஆறு மாதத்துக்கு இரவு ஒன்பது வரை வாசலைத் திறந்து வைத்து, எந்த மணிக்கு எத்தனை வண்டி வருகிறது என்று குறித்து, அதன்படி பணியாளர் முறையை வகுப்பது நகராட்சிக்குப் பெரிய செலவில்லாத வேலை.